மூச்சும் வழியும் முட்டும் இடம்: பாலக்காடு, இடுக்கி எல்லை வழக்கில் ‘நெரி’, ‘முட்டு’ வினைகளின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் ‘சோக்’ என்னும் வினையின் ஆட்சி மிக அகன்றது. உணவு தொண்டையில் சிக்கினாலும், புகையில் மூச்சுத் திணறினாலும், ஒருவன் மற்றொருவன் கழுத்தைப் பிடித்து அழுத்தினாலும், துயரத்தில் குரல் கம்மினாலும், சாக்கடை அடைபட்டாலும், களை மண்டிப் பயிர் மாய்ந்தாலும், வணிகம் முடங்கினாலும் அவ்வொரு வினையே போதுமானது. தாடையையோ கன்னத்தையோ குறித்த பழைய ஆங்கிலப் பெயர் ஒன்றோடு இதற்குத் தொடர்பு உண்டு எனச் சொற்பிறப்பியலார் கருதுவர். ஓர் உறுப்பைச் சுற்றிப் பிறந்த பொருள், உடலைக் கடந்து ஆற்றுக்கும் அங்காடிக்கும் சென்றிருக்கிறது.

தமிழில் இந்நிலை இல்லை. தடை நேரும் உறுப்பு எது என்பதைவிட, தடை எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்பதே இங்கு வினையைத் தெரிவு செய்கிறது. குடித்த நீர் மூச்சுக்குழலில் புகுந்தால் புரையேறும். உலர்ந்த சோறு விக்கும். அழுகையில் தொண்டை அடைக்கும், நாத் தழுதழுக்கும். புகையில் மூச்சுத் திணறும். பிறர் கை அழுத்தினால் கழுத்து நெரியும். அளவு மீறி உண்டால் மூச்சு முட்டும். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் தாய்மொழியாளர் செவி உடனே மறுத்துவிடும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் பலர் எல்லாவற்றுக்கும் ‘மூச்சுத் திணறல்’ என்றே எழுதிச் செல்வதனால் நேரும் இழப்பு சிறிதன்று. எனினும் அது திருத்தத் தக்க இழப்பே. இதனினும் நுண்ணிய இடர் ஒன்று, தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இடங்களில் உள்ளது. அங்கே இரு மொழிகளும் ஒரே வேர்ச்சொற்களை வைத்துக்கொண்டு வெவ்வேறு திசைகளில் உருவகம் செய்திருக்கின்றன.

நிலமும் மொழியும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் ஆகிய ஊர்கள் கோயம்புத்தூர் மாவட்டத்தை நோக்கி நிற்கின்றன. இடுக்கி மாவட்டத்தில் மறையூர், மூணாறு, தேவிகுளம், குமுளி, பீர்மேடு முதலிய இடங்கள் தமிழ் வழங்குவன. இவ்விரு பகுதிகளும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. இடையே ஆனைமலைத் தொடர் கிடக்கிறது. வரலாறும் வேறு. சித்தூர் வட்டம் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள தமிழ் கொங்கு வழக்கின் தொடர்ச்சி. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து சென்றோரின் தமிழ் அங்கே நிலைத்தது. 1955இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தபின் இரு பகுதித் தமிழரும் மலையாளத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட மாநிலத்தின் சிறுபான்மையினர் ஆயினர். மனு எழுதுவதும், அரசு அறிவிப்பைப் படித்து அறிவதும், மருத்துவரிடம் நோய் சொல்வதும் அன்றுமுதல் ஓரளவுக்கு மொழிபெயர்ப்புச் செயல்களாகிவிட்டன.

ஒரு வேர், பல வினைகள்

தமிழும் மலையாளமும் ஒரே மூலத்தை எதிர்கொண்டபோது என்ன செய்தன என்பதற்குக் கையருகே உள்ள சான்று விவிலிய மொழிபெயர்ப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மூச்சடைத்தலைக் குறிக்கும் வேர் ஒன்று பல இடங்களில் வருகிறது. விதைப்பவன் உவமையில் முட்செடிகள் பயிருக்குச் செய்வது அது. கடன் கொடுத்தவன் கடன்பட்டவன் தொண்டையில் செய்வது அது. கடலில் பாய்ந்த பன்றிகளுக்கு நேர்வது அது. திருத்தூதர் பணிகளில் விலக்கப்பட்ட இறைச்சியைக் குறிப்பதும் அதுவே.

பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ்ப் பெயர்ப்பு இவ்வொரு வேரைப் பிரித்துவிடுகிறது. முள் பயிரை ‘நெருக்கு’கிறது, கடன்காரனின் தொண்டை ‘நெரி’படுகிறது, பன்றிகள் ‘அமிழ்ந்து’ மாள்கின்றன, விலக்கப்பட்ட இறைச்சி ‘நெருக்குண்டு’ செத்ததன் இறைச்சி. 1910இன் மலையாள சத்தியவேதபுஸ்தகத்தை உடன்வைத்து நோக்கினால் ஒப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே புலனாகும். முள்ளுக்கு அங்கே ‘ஞெருக்கு’, தொண்டைக்கு ‘ஞெக்கு’. இவை தமிழுக்கு அணுக்கமானவை. ஆனால் பன்றிகள் ‘வீர்ப்புமுட்டி’ச் சாகின்றன, இறைச்சியோ ‘சுவாசம்முட்டி’ச் செத்தது. தமிழ் நீரையும் கையையும் பார்க்கும் இடத்தில் மலையாளம் மூச்சையும் அதன் வழியையும் பார்க்கிறது. புறத்திலிருந்து அழுத்துவது தமிழின் நோக்கு. உள்ளே போக்கு நின்றுவிடுவது மலையாளத்தின் நோக்கு. இக்கூற்று எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் விதியன்று. ஆயினும் பிற்கால உருவக வழக்குகள் பெரும்பாலும் இப்பிளவின் வழியே நடந்திருக்கின்றன.

‘வீர்ப்பு’ என்பது பற்றி ஒரு சொல். மலையாள ‘நெடுவீர்ப்பு’ தமிழின் ‘நெட்டுயிர்ப்பு’க்கு நேரானது. உயிர்த்தல் மூச்சுவிடுதலாகும் என்னும் பழம்பொருளைத் தமிழர் இன்று செய்யுளில்தான் காண்கின்றனர். மலையாளத்தில் அது நாளிதழ்ச் சொல்லாக வாழ்கிறது.

நெரி, நெருக்கு, நெருக்கடி

மலையாளம் மொழிமுதல் ஞகரத்தைப் பல சொற்களில் காத்துவருகிறது. ஞான், ஞண்டு, ஞெரிக்குக ஆகியவை தமிழில் நான், நண்டு, நெரி என வழங்குவன. ஆகவே கழுத்தை நெரித்துக் கொன்றனர் என்னும் செய்தி இரு மொழி நாளிதழ்களிலும் ஏறத்தாழ ஒரே சொல்லால் வரும். நேர்ப்பொருளில் இடர் இல்லை. பணமுடையைத் தமிழர் ‘நெருக்கடி’ என்பதும் மலையாளிகள் ‘ஞெருக்கம்’ என்பதும் ஒன்றுதான்.

தமிழ் இவ்வேரை அரசியலுக்குள் வெகுதொலைவு கொண்டு சென்றது. கருத்துரிமையின் ‘குரல்வளையை நெரித்தல்’ மேடைப் பேச்சில் தேய்ந்துபோன தொடர். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நாட்டில் நிலவிய ஆட்சிநிலைக்குத் தமிழில் நிலைத்த பெயர்களுள் ஒன்று ‘நெருக்கடி நிலை’. மலையாளத்தில் அது ‘அடியந்தராவஸ்த’. விரைவு வேண்டும் நிலை என்பதே அதன் பொருள். ஆங்கிலப் பெயரை இரு மொழிகளும் பெயர்த்தன. மலையாளம் விரைவைப் பெயர்த்தது. தமிழ், விரும்பியோ விரும்பாமலோ, கழுத்தின் மேல் விழுந்த கையைப் பெயர்த்துவிட்டது. (‘அடியந்திரம்’ குமரி மாவட்டத் தமிழில் வீட்டுச் சடங்கைக் குறிப்பதால், அப்பகுதியார் மலையாளப் பெயரைக் கேட்டு முறுவலித்திருப்பின் வியப்பில்லை.)

மக்கள் திரளைக் குறிப்பதிலும் தமிழ் இவ்வேரையே நாடுகிறது. வாளையாற்றுச் சோதனைச்சாவடியில், 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சாவடிகள் நீங்கும்வரை, லாரிகள் நெடுந்தொலைவு வரிசை கட்டி நிற்பது வழக்கம். தமிழில் அது போக்குவரத்து ‘நெரிசல்’, மலையாளத்தில் ‘கதாகதக்குருக்கு’. குருக்கு என்பது கயிற்றுச் சுருக்கு. கழுத்தை இறுக்கும் இரு கருவிகளில் கையைத் தமிழும் கயிற்றை மலையாளமும் எடுத்துக்கொண்டன. ‘குருக்கு’ என்பதைத் தமிழ்ச் செவி ‘குறுக்கு’ என வாங்கிக்கொள்ளும். ரகர றகர வேறுபாடு எல்லைப் பேச்சில் தேய்ந்திருப்பதால் இப்பிழை எளிதில் நேரக்கூடியது.

2011 ஜனவரி 14 அன்று இடுக்கி மாவட்டத்துப் புல்லுமேட்டில் மகரசோதி கண்டு திரும்பிய ஐயப்ப பக்தர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாட்டவரும் அவர்களுள் பலர். தமிழ் நாளிதழ்கள் ‘நெரிசலில் சிக்கி’ என்றன. மலையாள நாளிதழ்கள் ‘திக்கிலும் திரக்கிலும்’ என்றன. தமிழின் ‘திக்குமுக்காடு’ என்பதன் முதலுறுப்போடு இத் ‘திக்கு’ உறவு கருதத்தக்கது. ஆங்கில நாளிதழ்கள் கையாண்ட சொல், மிரண்ட மாட்டுக்கூட்டம் சிதறி ஓடுதலைக் குறித்துப் பிறந்தது. இத்தகைய விபத்துகளில் மிகப் பலர் இறப்பது ஓடுவதால் அன்று. நாற்புறமும் உடல்கள் அழுத்த, மார்பு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கின்றனர். நிகழ்ச்சியின் உடலியல் உண்மைக்குத் தமிழ்ச் சொல்லே நெருங்கியது. ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘சிதறி ஓடியதில்’ எனப் பெயர்ப்போர், இறந்தவர்மேலேயே ஓரளவு பழியை ஏற்றிவிடுகின்றனர்.

முட்டு

இக்கட்டுரையின் மையமான சொல் இதுவே. மலையாளத்தில் ‘முட்டுக’ என்பதன் உருவக ஆட்சி வியப்பூட்டுவது. சுவாசம் முட்டும்; வழி முட்டும்; விடை தெரியாதவனுக்கு ‘உத்தரம் முட்டும்’; பிழைப்பு இழந்தவனுக்குக் ‘கஞ்ஞிகுடி முட்டும்’; குழாயில் நீர் வராவிடில் ‘குடிவெள்ளம் முட்டும்’. அனைத்திலும் பொருள் ஒன்றே: வந்துகொண்டிருந்தது நின்றுபோயிற்று.

இன்றைய தமிழில் முட்டுதல் மோதுதல். மாடு முட்டும், தலை நிலையில் முட்டும். ‘முட்டுச்சந்து’, ‘முட்டுக்கட்டை’ ஆகியவற்றில் தடைப்பொருள் உறைந்து கிடக்கிறது. ஆனால் வினையெச்சமாக வரும் ‘முட்ட’ என்பது நிறைவைக் காட்டுகிறது. வயிறு முட்ட உண்டான் என்றால் விளிம்புவரை நிரம்பியது என்று பொருள். இங்குதான் வலை விரிந்திருக்கிறது. ‘குடிவெள்ளம் முட்டி’ என்னும் மலையாளத் தலைப்பைத் தமிழ் அகராதியை மட்டும் துணைக்கொண்டு வாசிப்பவர், முதலில் ‘வெள்ளம்’ என்பதைப் பெருக்கு எனக் கொள்வார். மலையாளத்தில் அது வெறும் நீர். பின்னர் ‘முட்டி’ என்பதைக் கரை முட்டியது எனக் கொள்வார். நீரின்றி வாடும் ஊர் இவர் ஏட்டில் நீரில் மூழ்கிவிடும். இரு சொல்லும் தமிழ்ச் சொற்களே. இரண்டுக்கும் தமிழ்ப் பொருள் உண்டு. கூடிவரும் தொடரோ மூலத்துக்கு நேர் எதிரானது.

நின்றுபோதல், குறைவுபடுதல் என்னும் பொருள் மலையாளத்தின் புதுமை அன்று. திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்துக் குறள் ஒன்றில் (547) ‘முட்டா’ என வருவது, முறை தடைப்படாமல், குறைவுபடாமல் என்னும் பொருளது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஏற்றவர்கள் ‘முட்டாமல்’ செலுத்துவதாக உறுதி கூறுவர். தவறினால் தவறியதன் இருமடங்கு கட்டவேண்டும் என்ற தண்டத்துக்கு ‘முட்டிரட்டி’ என்று பெயர்; சேரநாட்டு வட்டெழுத்துச் சாசனங்களிலும் இச்சொல் பயில்கிறது. அதாவது, இன்று எல்லையின் இரு பக்கமும் பிரிந்து நிற்கும் நிலங்கள் ஒரு காலத்தில் இவ்வினையை ஒரே பொருளில் ஒப்பந்தச் சொல்லாக ஆண்டன. ‘முட்டுப்பாடு’ என்னும் பெயரை வறுமை, இடர் என்னும் பொருளில் அகராதிகள் பதிந்து வைத்துள்ளன. தமிழ் வழக்கு வினையின் இப்பொருளைக் கைவிட்டது, மலையாளம் கைவிடவில்லை.

இன்னும் ஓரிடத்திலும் அது முற்றிலும் அழியவில்லை. யாழ்ப்பாணத் தமிழில் ஈளைநோய்க்கு ‘முட்டு’ என்று பெயர். மலையாளத்திலும் பேச்சில் ‘சுவாசம்முட்டு’ என்பர். தமிழ்நாட்டார் ‘இழுப்பு’, ‘இரைப்பு’ என்பர். யாழ்ப்பாணத்துக்கும் கேரளத்துக்கும் உள்ள சொல்லொப்புமைகளைக் குடிப்பெயர்ச்சியால் விளக்குவாரும், இரண்டும் பழந்தமிழ் விளிம்புகளாதலின் தனித்தனியே காத்தன என்பாரும் உளர். கல்வெட்டுச் சான்றை நோக்க, இச்சொல்லைப் பொறுத்தவரை பின்னையோர் கூற்றே வலிவுடையது.

நோயாளியின் சொல்லும் மருத்துவரின் செவியும்

‘வலிவுடையது’ என்று மேலே வந்த சொல்லே அடுத்த இடருக்கு எடுத்துக்காட்டு. தமிழில் வலிவு ஆற்றல். மலையாளத்தில் ‘வலிவு’ மூச்சிழைப்பு நோய். மலையாளத்தில் ‘வலிக்குக’ என்றால் இழுத்தல். தமிழிலும் துடுப்பு வலித்தல் என்னும் பழைய ஆட்சியில் அப்பொருள் உண்டு. எனவே தமிழர் இழுப்பு என்பதும் மலையாளிகள் வலிவு என்பதும் ஒரே உருவகத்தின் இரு வடிவங்கள். மூச்சை இழுத்து இழுத்து வாங்கும் காட்சியிலிருந்து எழுந்தவை. ஆனால் தோட்டத்துத் தமிழ்த் தாய் ஒருத்தி பிள்ளைக்கு ‘இழுப்பு’ என்று சொல்லும்போது, அது மூச்சிழைப்பா, கைகால் வெட்டியிழுக்கும் வலிப்பா என்பது தமிழிலேயே ஐயத்துக்கு இடமானது. மருத்துவர் ‘வலிவு உண்டோ’ எனத் திருப்பிக் கேட்கையில் அவள் செவியில் ‘வலிப்பு’ என விழுந்து, அவள் தலையசைத்துவிட்டால், கேள்வியும் விடையும் இரண்டு நோய்களைப் பற்றியனவாகிவிடும்.

‘விக்கல்’ இதனினும் தெளிவான காட்டு. தமிழில் அது மூச்சுத் தசையின் துடிப்பால் எழும் ஒலி. நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் இறுதிக்கால அடையாளமாக ‘விக்குள்’ என்று குறித்ததும் இதுவே. மலையாளத்தில் ‘விக்கல்’ பேச்சுத் திக்குதல். அங்கே தமிழ் விக்கலுக்கு ‘இக்கிள்’ என்பர். நான்கு நாளாக விக்கல் நிற்கவில்லை என்னும் முறையீடு, மருத்துவ முறையில் கருதத்தக்க அறிகுறி. அதைத் திக்குவாய் என எழுதிக்கொண்டால் உரிய பரிசோதனை நடைபெறாது.

புரையேறுதலில் மட்டும் இரு மொழியாரும் பொருளால் ஒன்றுபடுகின்றனர். கொங்கு வழக்கில் ‘பொறை ஏறிடுச்சு’. மலையாளத்தில் நீர் ‘நெறுகயில் கயறி’, அதாவது உச்சந்தலைக்கு ஏறிற்று. இருவரும் உச்சியில் தட்டுவர். யாரோ நினைக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொள்வர்.

மனுவும் பெயர்ப்பும்

கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுத இடம் தந்தது. மறுமொழியும் அம்மொழியில் பெறலாம். உரிமை ஏட்டில் உள்ளது. அது பயன்படுவது இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளரின் சொல்லறிவைப் பொறுத்தது.

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழைமறைவுச் சாயலுள்ள வறண்ட நிலம். 1970 மே 29இல் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கனஅடி நீர் சித்தூர்ப்புழைக்கு உரியது. கோடைதோறும் இந்நீரைப் பற்றிய கடிதங்களும் செய்திகளும் இரு மொழிகளிலும் எல்லையைக் கடக்கின்றன. நீர் ‘முட்டி’ என மலையாளத்தில் வருவது தமிழில் என்னவாக வேண்டும் என்பது ஆகவே வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

இங்கு ஒன்று கூறவேண்டும். எல்லையில் வாழ்வோர் இதில் தடுமாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய் விற்பவர் இரண்டு ‘முட்டு’களையும் பிறழாமல் ஆள்வார், எதிரே நிற்பவர் யார் என்பதே அவருக்கு அகராதி. தடுமாறுபவர் தொலைவிலிருந்து, பொதுச்சொல்லை நம்பி எழுதுபவரே. தமிழ் – மலையாள இருமொழி அகராதி செய்வோர் அறியாத சொற்களுக்கு இடந்தருவதில் காட்டும் அக்கறையை, அறிந்ததாகத் தோன்றும் சொற்களுக்குக் காட்டுவதில்லை.

‘முட்டி’ என்பதற்குத் ‘தட்டுப்பாடு’ எனப் பெயர்ப்பது பலர் கைக்கொள்ளும் முறை. வரலாற்று நோக்கில் இது நயமானது. தட்டுதல், முட்டுதல் இரண்டும் மோதுதலைக் குறிக்கும் வினைகள்; தட்டு தட்டுப்பாடாகவும், முட்டு முட்டுப்பாடாகவும், இரண்டும் குறைவுப் பொருளில் முடிந்திருக்கின்றன. ஆனால் தட்டுப்பாட்டில் சிறிதேனும் நீர் உண்டு. ‘முட்டி’யபின் ஒரு குடமும் இல்லை. அலுவலகக் கோப்பில் முன்னது வாரம் இருமுறை நீர் விடுதற்குரிய முறையீடு. பின்னது அன்றே லாரியில் நீர் அனுப்புதற்குரியது. ‘குடிநீர் அறவே நின்றுவிட்டது’ என்று மூன்று சொல்லில் எழுதுவதே நேர்.